வில்லின் வரலாறு – அத்தியாயம் 17: நாணொலியும் வேட்டுவனும்

சென்ற அத்தியாயத்தில் அம்பின் இறகுகளைப் பற்றியும், பறக்கும் அம்பை அவை நேர்வழியில் நிறுத்துகின்ற சூக்ஷ்மத்தைப் பற்றியும் விரிவாகக் கண்டோம். அம்பு நாணைவிட்டுப் பிரிந்த பிறகு வில்லினிடத்தில் எஞ்சி நிற்பது யாது என்ற கேள்வியை அங்கே தொடாமல் விட்டிருந்தோம். எஞ்சி நிற்பது ஓசை. அந்த ஓசையை வீரத்தின் லக்ஷணமாகப் போற்றி வளர்த்தவர் ஒரு சாரார். அதையே தம் பிழைப்புக்குப் பகையெனக் கருதி அடக்க முயன்றவர் மற்றொரு சாரார். முன்னவர்க்குக் காவியங்களும் கல்வெட்டுகளும் கோயிற் சிற்பங்களும் சாக்ஷியாக நிற்கின்றன. பின்னவர் காட்டில் வாழ்ந்து காட்டிலேயே மறைந்தவராதலால், அவர்கள் சரித்திரத்தை நாரிலும் நரம்பிலும் மயிரிலுந்தான் தேட வேண்டியிருக்கிறது.

போற்றியவர்களை முதலில் பார்ப்போம். காவிரி பாயும் சோழ நாட்டில் வில்லை மறந்துவிட்டு ஒரு நாளைக் கழிப்பது அரிது. கும்பகோணத்தில், சார்ங்கம் என்ற வில்லின் பெயரையே தம் திருநாமத்தில் தாங்கிய சார்ங்கபாணி கோயில் கொண்டிருக்கிறார். வடுவூரிலும் தில்லைவிளாகத்திலும் கோதண்டத்தை ஊன்றி நிற்கும் ராமபிரானின் செப்புத் திருமேனிகளைச் சேவித்தவர்கள், வில்லைப் பற்றியிருக்கும் அந்த இடக்கரத்தின் நளினத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் பூர்த்தி செய்த தஞ்சைப் பெரிய கோயிலில், விமானச் சுவரின் மேல்நிலைக் கோட்டங்களில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்ற உருவம் முப்புரம் எரித்த பெருமானுடையதே. கருவறையைச் சுற்றிய உள்வழியிலும், நாயக்கர் காலத்துச் சாந்தின் அடியில் நூற்றாண்டுக் கணக்காக மறைந்திருந்து 1931-ஆம் ஆண்டில் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவர்களால் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களில், அதே திரிபுராந்தகர் தேர்மீது வில்லேந்தி நிற்கிறார். மேரு மலை வில், வாசுகி என்னும் பாம்பு நாண், திருமாலே அம்பு என்பது புராணம் சொல்லும் கணக்கு. சீறுகின்ற ஜீவனையே நாணாகப் பூட்டிய அந்தக் கற்பனையில், நாண் என்பது ஓசையற்ற வெறுங் கயிறன்று என்ற அநுபவமும் கலந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அக்கோயிற் கல்வெட்டுகள் குறிப்பிடும் படைப் பிரிவுகளுள் பண்டித சோழத் தெரிந்த வில்லிகள் என்ற பெயரும் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லாளிகள் என்பது அதன் பொருள்.

இத்தகைய போர்வில்லுக்கு ஓசை ஒரு குறையாகத் தோன்றாதது இயல்பே. தாடகையின் வனத்தில் ராமன் முதலிற் செய்த காரியம் நாணைத் தெறித்துப் பேரொலி எழுப்பியதுதான் என்றும், அவ்வொலி கேட்டே அரக்கி சினந்து பாய்ந்து வந்தாள் என்றும் வால்மீகி பாடுகிறார். காண்டீவத்தின் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் வந்திருப்பவன் இன்னான் என்று பகைவர் அறிந்தனர் என்பது பாரதக் கதை. கடல் கடந்த ஜப்பானிலும், அம்பு தொடுக்காமல் நாணை மட்டும் சுண்டி, அந்த ஒலியால் துஷ்ட தேவதைகளை விரட்டும் சடங்கு அரண்மனைகளில் நெடுங்காலம் நிகழ்ந்து வந்தது. அந்நாட்டு வில்வித்தை ஆசிரியர்கள் மாணவனின் நாணொலியைக் கேட்டே அவன் தேர்ச்சியை இன்றும் மதிப்பிடுகிறார்கள். ஆயிரம் வில்லாளிகள் ஒருங்கே எய்யும் களத்தில் எதிரி விலகி ஓட இடமில்லை. அங்கே ஓசையும் ஓர் ஆயுதம்.

வில்லின் ஓசையைப் பற்றி நம் கவிகளுள் மிகக் கூர்மையாகக் கவனித்தவர் தேரழுந்தூர்க் கம்பரே என்று துணிந்து கூறுவேன். மிதிலையின் சபையில் இமை கொட்டாமல் பார்த்திருந்தவர்களுக்கு ராமன் வில்லை எடுத்தது மட்டுமே கண்ணுக்குப் புலப்பட்டது, அது முறிந்த செய்தி செவிக்குத்தான் வந்தது என்று அவர் பிரித்துக் காட்டும் இடத்தைப் படியாத தமிழர் இலர். வேகத்தின் மிகுதியைச் சொல்ல வந்த கவி, கண்ணும் செவியும் வெவ்வேறு கதியில் உணர்வன என்ற இயற்கை நியதியைத் தொட்டுவிட்டார். அரசர்களின் சபையில் அழகாக அமைந்த அதே நியதி, காட்டில் தனியே நிற்கும் வேட்டுவனுக்குப் பெருந்துன்பமாக முடிகிறது. எப்படியென்று சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஒரு மான் 20 மீட்டர் தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரவில்லிலிருந்து புறப்படும் அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வேகத்தில் செல்லும். ஒலியோ விநாடிக்கு 340 மீட்டர் செல்லும். ஆகவே நாணின் ஓசை 0.06 விநாடியில் மானின் செவியை அடைந்துவிட, அம்பு போய்ச் சேர 0.4 விநாடி ஆகிறது. இடையிலுள்ள மூன்றில் ஒரு விநாடி மனிதனுக்கு ஒரு பொருட்டன்று. மானுக்கு அதுவே ஒரு யுகம். திடுக்கிட்ட மான் உடனே ஓடிவிடுவதில்லை. பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடலைக் கீழே தாழ்த்துகிறது. அப்படி ஒரு சாண் தாழ்ந்தாலே போதும், நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகின்மேல் வெற்றாகப் பறந்துபோகும், அல்லது, அதனினும் கொடிதாக, உயிர்நிலை அல்லாத இடத்தில் தைத்து அப்பிராணியைப் பல நாள் வாட்டும். குறி தவறவில்லை, கை நடுங்கவில்லை, வில்லிலும் குற்றமில்லை. எய்தவனின் நாணே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒலியால் இரை பிழைப்பதற்கு நேர்மாறாக, ஒலியால் உயிர் போன கதையும் நம்மிடம் உண்டு. இருளில் நீர்த்துறையில் குடம் நிரம்பும் ஓசையை யானை நீர் பருகும் ஓசையென்று மயங்கி, சப்தத்தையே இலக்காகக் கொண்டு அம்பெய்து, பார்வையற்ற பெற்றோரின் ஒரே மகனைத் தசரதன் கொன்ற கதை அது. வேட்டையில் வேட்டுவனும் விலங்கும் ஒருவரையொருவர் முதலில் அறிவது பெரும்பாலும் செவியினால்தான் என்பதை இக்கதை உணர்த்துகிறது.

இனி, தமிழ்நாட்டு வேட்டைகள் எல்லாவற்றிலும் நாணொலி இடையூறாக இருந்ததா என்றால், இல்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் வருணிக்கும் திண்ணனாரின் கன்னி வேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உடுப்பூர் வேடர்கள் காட்டை வளைத்து வலை கட்டுகிறார்கள், நாய்கள் குரைக்கின்றன, ஆரவாரத்தால் விலங்குகள் கலைக்கப்பட்டு வில்லாளிகள் நிற்கும் திசைக்கு விரட்டப்படுகின்றன. இத்தகைய கலைப்பு வேட்டையில் காடே அதிர்ந்துகொண்டிருக்க, ஒரு நாணின் ஓசையை யார் பொருட்படுத்துவார்? வலையை அறுத்துக்கொண்டு தப்பிய பன்றியைத் திண்ணனார் நெடுந்தூரம் ஓடித் துரத்திச் சென்று, அம்பெய்யாமல் உடைவாளால் வீழ்த்தினார் என்பதும் கவனிக்கத்தக்கது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் வேட்டை வேறு விதமானது. கொல்லி மலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். உயர்வு நவிற்சியை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அங்கே எஞ்சுவது, காட்டில் தனித்து நின்று, தன் இருப்பை எந்த விலங்கும் அறியாதபடி எய்கின்ற ஒரு மனிதனின் சித்திரம். நாணொலி பகையாவது இத்தகையவனுக்குத்தான்.

ஓசை எங்கிருந்து பிறக்கிறது? வளைத்த வில்லில் சேமித்த சக்தி முழுவதும் அம்பைச் சேர்வதில்லை. நல்ல வில்லாயின் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு அம்போடு போகும்; மீதியை வில்லின் இரு கைகளும் நாணும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு துடித்துத் தீர்க்கின்றன. அந்தத் துடிப்பே ஓசை. நுனிகள் முன்னோக்கி வளைந்த கொம்புவில்லில் இன்னொரு சத்தமும் உண்டு. விரைந்து திரும்பும் நாண் வில்லின் கைகளில் மோதிப் பளீரென்று அறையும். ஆகவே நாணை அடக்க விரும்புகிறவன் முதலிற் செய்ய வேண்டுவது, அம்புக்குப் போகும் பங்கை அதிகமாக்குவது. கனமான அம்பு மெதுவாகச் சென்றாலும் வில்லின் சக்தியை அதிகமாக வாங்கிக்கொள்ளும்; வில்லுக்கு மிஞ்சுவது குறையும், ஓசையும் தணியும். அடுத்து, நாணுக்கு இன்னும் சில முறுக்குக் கொடுத்தால் அது சற்றுக் குறுகும். பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி கூடும். இந்த இடைவெளியை விரல் விரலாகக் கூட்டியும் குறைத்தும் எய்து பார்த்து, வில் மிக மௌனமாக இருக்கும் நிலையைச் செவியாலேயே கண்டுபிடித்துவிடலாம். வேட்டையில் வேகமே பெரிதென்று எண்ணி இலேசான அம்பை நாடும் இக்காலத்தவர் இதை மறந்துபோவது வருந்தத்தக்கது.

நாணின் பொருளும் ஓசையை நிர்ணயிக்கும். நம் நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் மரல் என்றொரு செடி உண்டு. இக்காலத்தார் மருள் என்பர். வீட்டு முற்றத்துத் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கிறார்களே, கோடுபோட்ட நிமிர்ந்த இலைகளையுடைய பாம்புச்செடி, அதற்கு மரல் நெருங்கிய உறவு. முழ நீளத்துக்கு வளரும் அதன் தடித்த இலையை நீரில் ஊறவைத்து, பலகைமேல் வைத்து, மழுங்கிய கத்தியால் அழுத்தி இழுத்தால், பச்சைச் சதை வழுக்கிக்கொண்டு விலக, வெண்பட்டைப் போல் மினுமினுக்கும் நார் நீளநீளமாகக் கையில் தங்கும். நாற்பது ராத்தல் பச்சை இலைக்கு ஒரு ராத்தல் அளவே நார் கிடைக்கும் என்று, 1855-ஆம் ஆண்டில் இந்திய நார்ச்செடிகளைப் பற்றி நூல் வெளியிட்ட ராயில் என்ற ஆங்கிலேயர் எழுதினார். ஆங்கிலத்தில் அச்செடிக்கு வில்நாண் சணல் என்றே பெயர் வழங்குகிறது. புறநானூற்றின் 264-ஆம் பாட்டில், வீரனுக்கு நட்ட கல்லுக்குச் சூட்டும் பூமாலையைத் தொடுப்பதும் இதே மரல் நாரால்தான்.

இந்த நாருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எனக்கு மிகவும் பிரியமான செய்தி அது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், தம் பெரும்பாணாற்றுப்படையில், காட்டில் ஆநிரை மேய்க்கும் ஓர் இடையனைக் காட்டுகிறார். அவன் உள்ளே துளையுடைய குமிழங் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரைப் புரியாக முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறான். வில்லும் யாழும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் வில்யாழை முதலாகக் கொண்டு பழந்தமிழ் யாழ்களையெல்லாம் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவில், 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சோழ நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். வேட்டைக் கருவியின் குரல் இசைக் கருவியாக மலர்ந்த வரலாறு, காவிரிக் கரையில் புலவர் பேரவையின் முன் ஓதப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது.

உலகின் மறுகோடியிலும் இதற்கு நேரான ஒரு காட்சி உண்டு. வட கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சியவராகிய இஷி, 1916-இல் மறையும் வரை சான் பிரான்சிஸ்கோ நகரில் வாழ்ந்தார். அவரிடம் வில்வித்தை பயின்ற சாக்ஸ்டன் போப் என்ற வைத்தியர் எழுதி வைத்திருப்பதாவது: இஷி தம் வில்லின் ஒரு நுனியைத் திறந்த வாயருகே வைத்துக்கொண்டு அம்பினால் நாணைத் தட்டி இனிய இசை எழுப்புவார். அதே வட கலிபோர்னியப் பழங்குடியினர் தம் வில்களின் நுனியில், நாண் மாட்டும் இடத்தில், மென்மயிர்த் தோலைக் கீற்றாகக் கிழித்துச் சுற்றினார்கள். நாணின் அதிர்வு வில்லின் கையில் ஏறாமல் அம்மயிர் தடுத்துவிடும். ஓய்விலே இசைக்கும் நாண் வேட்டையிலே வாய் மூட வேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

மயிர்க் கீற்றும் கம்பளிக் குஞ்சமும் எப்படி ஓசையை அடக்குகின்றன என்பதை அறியத் தஞ்சாவூரில் செய்யப்படும் தம்புராவைப் பார்ப்பது நல்லது. பலாமரக் குடத்தின்மேல் அமைந்த குதிரையில் தந்தி படிகிற இடத்தில், வித்வான் ஒரு சிறு பருத்தி நூலை நுழைத்து, விரல் நுனியால் மயிரிழை அளவு முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பார். ஓரிடத்தில் தந்தி ஊமைபோல் ஒலிக்கும். அதற்கு ஒரு நெல்முனை தள்ளி வைத்தால், திடீரென்று தேனீக் கூட்டம்போல் ரீங்காரம் எழுந்து மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகப் பூக்கும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். தந்தியைத் தொடுகின்ற ஓர் இழைக்கு, தொடும் இடத்தைப் பொறுத்து, அதை எழுப்பவும் அடக்கவும் வல்லமை உண்டு என்பதை இதனினும் பிரத்தியக்ஷமாகக் காட்ட முடியாது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டில் பிறந்த ஸர் சி. வி. ராமன், ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியால் நோபல் பரிசு பெறுவதற்கு முன்பே, தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து 1921-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தி அதிரும்போது அதன் முழு நீளமும் ஒன்றாக அதிர்வதோடு, பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று எனப் பிரிந்தும் ஏக காலத்தில் அதிர்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் இடையே அசையாத புள்ளிகள் உண்டு. எந்தப் புள்ளியில் சுண்டுகிறோமோ அங்கே அசைவற்றிருக்க வேண்டிய மேல் ஸ்வரம் பிறக்காது என்பது தாமஸ் யங் வகுத்த பழைய விதி. நம் தம்புராவின் வளைந்த குதிரையும் ஜீவாவும் அந்த விதியை மீறி, பிறக்கக் கூடாத ஸ்வரங்களையும் பிறப்பிக்கின்றன என்று ராமன் காட்டினார்.

இந்த அறிவை வில்லுக்குத் திருப்புவோம். நாணில் கட்டும் மயிர்க் குஞ்சம் அதிர்வின் சக்தியைத் தன் இழைகளின் உராய்வாலும் காற்றின் தடையாலும் விழுங்குகிறது. ஆனால் அசையாத புள்ளியின் மீது அதைக் கட்டினால் அந்த ஸ்வரத்தை அது தொடவே தொடாது. அடக்க வந்தவன் தூங்குகின்றவனைக் காவல் காத்த கதையாகும். ஆகையினால் அநுபவமுள்ள வில்லாளிகள் மேல் குஞ்சத்தை நாணின் நுனியிலிருந்து நாலில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையே கட்டி, கீழ்க் குஞ்சத்தை அதே கணக்கில் வைக்காமல் சற்று ஏற்றியோ இறக்கியோ கட்டுகிறார்கள். ஒன்றுக்கு அகப்படாத ஸ்வரம் மற்றொன்றுக்கு அகப்படும். நாணைச் சுண்டினால் முன்பு நீண்டு முழங்கிய ஓசை மொத்தென்று ஒரு சிறு தட்டலாக முடிந்துவிடும். கம்பளி நூல் மலிவானது. மழையில் நனைந்து கனத்துவிடுவது அதன் குறை. நீர்நாய், பீவர் முதலிய நீர்வாழ் பிராணிகளின் மயிர் நீரை உதறிவிடும் என்பதனால் மேல்நாட்டு வேட்டைக்காரர் அதையே மேலாகக் கருதுகின்றனர். குஞ்சம் பெருத்தால் அம்பின் வேகம் சிறிது குன்றும்; மௌனத்துக்கு வில் கொடுக்கும் விலை அது.

சென்ற நூற்றாண்டின் நடுவில் டாக்ரான் என்ற செயற்கை இழை வந்து, சணலையும் பட்டையும் நாணிலிருந்து விலக்கிற்று. அது சற்று நீண்டு கொடுக்கும் தன்மையது. ஆதலின் வில்லின் அடியைத் தாங்கிக்கொண்டு மெல்லொலியே எழுப்பும். பிறகு வந்த புதிய இழைகள் மிகச் சிறிதே நீள்பவை. அம்பை விரைவாகச் செலுத்துகின்றன, கூடவே கூர்மையாக ஒலிக்கவும் செய்கின்றன. வேகம் வேண்டிப் புதிய நாணை வாங்கியவர்கள், அது போடும் சத்தத்தை அடக்க ரப்பர் இழைக் குஞ்சங்களையும் கூடவே வாங்குகிறார்கள். வட கலிபோர்னியப் பழங்குடியினர் ஒரு கீற்று மயிர்த்தோலால் முடித்த காரியத்துக்கு இன்று கடைகளில் எத்தனையோ வகைச் சாதனங்கள்.

நம் நாட்டில் இந்தத் தேவை சட்டத்தாலேயே முடிந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடுத்துவிட்டன, அது நன்மையே. வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரையில், ராமர் பாதம் என்று வணங்கப்படும் மணல்மேட்டைச் சுற்றிலும், 1967 முதல் சரணாலயமாக விளங்கும் காட்டில் வெளிமான்கள் மேய்கின்றன. கோதண்டராமர் வில்லூன்றி நிற்கும் வடுவூரிலேயே, மேட்டூர்த் தண்ணீர் வந்து நிரம்பும் ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கிறது. ஆயினும் நெற்கழனியில் பறவைக்கும் ஓசைக்கும் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை. நெல்லரிவோர் முழக்கும் தண்ணுமைக்கு அஞ்சிப் பறவைகள் எழுந்து பறப்பதைச் சங்கப் புலவர் பல இடங்களில் பாடினர்; இன்றும் கதிர் முற்றும் பருவத்தில் தகரத்தைத் தட்டிப் பறவை ஓட்டும் சத்தம் வயற்புறங்களில் கேட்கிறது. காட்டு வேட்டுவன் ஓசையை ஒளித்தான். கழனிக் காவலனுக்கோ ஓசையே கருவி.

அந்தக் காவலன் கையில் ஒரு காலத்தில் இருந்த வில் அம்பெய்வதன்று. இரட்டை நாணும், அவற்றின் நடுவே மண்ணுருண்டை வைக்கும் சிறு பையும் கொண்ட உண்டைவில் அது. சிறுவனாகிய ராமன் கூனியின் முதுகில் தெறித்ததாக நம்மாழ்வாரும் கம்பரும் சொல்வது அதன் உண்டையையே. உண்டை தன் கையிலேயே படாமல் எய்வதற்கு ஒரு தனிப் பழக்கம் வேண்டும். அதையும், மண்ணுருண்டையை வெயிலில் உலர்த்தும் முறையையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.